நிழலுக்குப் பட்டா இல்லை

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் எங்கள் தெருவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. மெயின் ரோட்டிலேயே நேராக நடந்து திரும்புவது ஒன்று. உள்தெருக்களில் புகுந்து வளைந்து வளைந்து வருவது இன்னொன்று. முதல் வழி கிட்டம். இருந்தும் பங்குனி பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். பீச் வண்டியில் வந்திறங்கும் ஆபீஸ்காரர்கள், மார்க்கெட்டிலிருந்து கூடையோடு திரும்பும் பெண்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள் என எல்லாருக்கும் சுற்றுவழிதான். அங்கே ஒரு மரத்து நிழல் முடியும் இடத்தில் இன்னொரு மரத்து நிழல் தொடங்கும். நடுவில் வெயில் விழும் இடத்தைச் செருப்பில்லாத காலோடு ஓடிக் கடப்போம். “நிழலாப் பாத்து வாடி” என்று பாட்டி சொல்லி அனுப்புவாள். வேறு எச்சரிக்கை எதுவும் அவள் சொல்லி எனக்கு ஞாபகமில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியையும் எண்பதுகளையும் சொல்கிறேன். இன்று அந்த இரண்டு வழிகளிலும் அடிப்பது ஒரே வெயில். கிட்டமான வழியிலேயே எல்லாரும் போகிறார்கள், வண்டியில்.

எங்களுடையது மனை பிரித்து விற்ற லே-அவுட். ரயில்வேயிலும் தபால் துறையிலும் வேலை பார்த்தவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், பி.எஃப். பணத்தைப் போட்டும் கடன் வாங்கியும் கட்டிய வீடுகள். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. வீடு அதில் பாதியைக்கூட அடைக்காது. மிச்சம் மண். மண் இருந்தால் சும்மா விடுகிற மனிதர்கள் அல்லர் அவர்கள். கிணற்றடியில் வாழை, கொல்லையில் முருங்கை, இரண்டு தென்னை, வாசலில் பவழமல்லி, காம்பவுண்டு மூலையில் வேம்பு. வேம்பை யாரும் நட்டதாகச் சொல்ல மாட்டார்கள், அது தானாக வந்திருக்கும். காக்கை போட்ட கொட்டை. பிடுங்க மனம் வராமல் விட்டிருப்பார்கள்; அதற்குள் அது ஓட்டைத் தாண்டி வளர்ந்திருக்கும்.

தெருவோரத்து மரங்கள் வேறு கணக்கு. அவற்றை யார் வைத்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. பஞ்சாயத்தாக இருந்தபோதே வைத்தது என்பார் ஒருவர், டவுன்ஷிப் என்பார் இன்னொருவர். வரிசையாகப் புங்கம், இடையிடையே பூவரசு, ஸ்கூல் பக்கம் ஒரு நாட்டு வாதாம். தெரு இரண்டாகப் பிரிகிற முனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம். நாலு வீட்டு மாடியையும் நடுவே இருந்த ரோட்டையும் சேர்த்து மூடி நின்ற மரம் அது. தென்னமெரிக்காப் பக்கத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்த இனம் என்று பின்னாளில் படித்தேன். எங்களுக்கு அது உள்ளூர் மரம்தான். சாயங்காலம் ஆனால் இலையை மடித்துக்கொள்ளும். வானம் மூட்டமாக இருந்தாலும் மடித்துக்கொள்ளும். அதனால் மழைத்தண்ணீர் தடையில்லாமல் அடிமரம்வரை இறங்கும், சுற்றியிருந்த புல் மற்ற இடங்களைவிடப் பச்சையாக இருக்கும். அதன் காய் இனிப்பு. ஆடுகள் அதற்காகவே எங்கிருந்தோ வந்து நிற்கும். நாங்களும் தின்று பார்த்திருக்கிறோம், பிசுபிசுப்பு பல்லில் ஒட்டும்.

அந்த மரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி. காலையில் கரி மூட்டி, விசிறி, பெட்டி சூடானதும் முதல் துணியாகத் தன் துண்டைத் தேய்த்துப் பார்ப்பார் அவர். பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர்; தண்ணீர் நிரம்பிய இரும்புச் சட்டியில் டியூபை அமுக்கினால் குமிழி வரும் இடத்தைப் பார்க்க நாங்கள் மண்டியிட்டு உட்காருவோம். பகல் பதினொரு மணிக்குக் கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் சாய்வாள். தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, மிச்சக் கடிதங்களைத் தெருவாரியாக அடுக்குவதும் அங்கேதான். மத்தியானம் கரண்ட் போனால் வீட்டுக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். பாய், முறம், அரிசி, பின்னல் வேலை, கைக்குழந்தை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க அங்கே வந்துவிடும். எதிரெதிர் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட ஒரே மரத்தடியில் வெவ்வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். சில சண்டைகள் அப்படி உட்கார்ந்தே தீர்ந்தன.

இவர்களில் யாரும் அந்த இடத்துக்கு வாடகை கொடுத்ததில்லை, யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. வீட்டு மரங்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மூன்றாம் வீட்டு வேம்பு அந்த வீட்டு மண்ணில் நின்றது. ஆனால் அம்மை போட்டால் தெருவே அதில்தான் கொத்து ஒடிக்கும். சித்திரைக்கு முன்னால் விடியற்காலையில் பழைய புடவையை அதன் அடியில் விரித்துப் பூச் சேர்ப்பார்கள் நாலைந்து வீட்டுப் பெண்கள். காயவைத்து டப்பாவில் போட்டால் வருஷப் பிறப்புப் பச்சடிக்கும், அப்புறம் வருஷம் முழுக்க ரசத்துக்கும் ஆகும். ஆனி ஆடியில் பழம் கொட்டும்போது வேப்பங்கொட்டை பொறுக்க வெளியிலிருந்து கிழவிகள் வருவார்கள், சாக்கோடு. பொறுக்குகிற சாக்கில் வாசலையும் பெருக்கிவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் வெளியே வந்து “தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்பார். மரம் அவருடையது, நிழல் தெருவுடையது என்பது எழுதாமலே எல்லாருக்கும் புரிந்திருந்த ஒப்பந்தம். மண்ணுக்குப் பட்டா உண்டு. நிழலுக்குப் பட்டா இல்லை. அது காலையில் ஒரு வீட்டில் விழும், சாயங்காலம் இன்னொரு வீட்டில்.

தாம்பரத்துக்கு ஆட்கள் வந்ததே காற்றுக்காகத்தான். 1928இல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கினார். மருந்து இல்லாத காலத்தில் அந்த நோய்க்குச் சொன்ன வைத்தியம் திறந்த வெளியும் நல்ல காற்றும் ஓய்வும்தான். அதன் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம் ஆயிற்று. 1931இல் பீச்சிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, நெருக்கடியான பட்டணத்து இடத்தை விட்டுச் சேலையூர்ப் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்த வளாகத்துச் செடிகொடிகளை ஆராய்ந்தார். அவர் மனைவி ஆலிஸ் பார்ன்ஸ் மரங்களாக நட்டுக்கொண்டே இருந்தார். இன்றும் ரயிலிலிருந்து பார்த்தால் கட்டடக் குவியலுக்கு நடுவே பச்சையாகத் தெரிவது அந்த 365 ஏக்கர்தான். சிறுவயதில் அதன் மதிலோரம் நடக்கும்போது ஒரு குளிர்ச்சி மேலே படும். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, எங்கள் தெருவிலும் அதே குளிர்ச்சி இருந்ததால்.

ஜி.எஸ்.டி. ரோட்டுப் புளியமரங்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போனால் ஜன்னலோரத்தில் மரம் மரமாக எண் போகும். அடிமரத்தில் வெள்ளையும் கறுப்பும் பட்டை தீட்டி, நம்பர் போட்டிருப்பார்கள். வருஷா வருஷம் புளி ஏலம் போகும். அரசாங்கமே ஒவ்வொரு மரத்தையும் எண்ணி வைத்திருந்த காலம் அது. ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த நம்பர் அப்படியே அடிமரத்தோடு லாரியில் ஏறிப் போனது.

எங்கள் தெரு மரங்கள் ஒரே நாளில் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொரு காரணமும் தனியாகக் கேட்டால் நியாயமாகவே இருந்தது. இலை விழுந்து வாசல் குப்பையாகிறது. வேர் சம்ப்பை வெடிக்க வைக்கிறது. வாசலுக்கு நேரே மரம் இருப்பது வாஸ்துப்படி ஆகாது. கார் வாங்கியாயிற்று, கேட்டை அகலப்படுத்த வேண்டும். கடைப் போர்டு ரோட்டிலிருந்து தெரியவில்லை. கம்பளிப்பூச்சி. மாடியில் கிளை வழியாகத் திருடன் ஏறுவான். பகலில் வெட்டத் தயங்கியவர்கள் அடிமரத்தில் துளை போட்டுப் பெருங்காயம் வைத்தார்கள். ஆசிட் ஊற்றியதும் உண்டு, சுற்றிலும் பட்டையை உரித்து விட்டதும் உண்டு. பட்டை போனால் இலை சமைக்கிற உணவு வேருக்கு இறங்காது, மரம் நின்றபடியே சில மாதங்களில் காயும். பிறகு “பட்டுப்போன மரம், யார் தலையிலாவது விழுந்துவிடும்” என்று சொல்லி வெட்டுவது சுலபம்.

பெரிய அடி அடுக்குமாடிகளோடு வந்தது. அப்பாக்கள் போனபின் பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். பழைய வீட்டை புரொமோட்டரிடம் கொடுத்தால் பாதி அவருக்கு, பாதி இவர்களுக்கு. யாரையும் குறை சொல்ல மாட்டேன். இரண்டு தங்கைகளும் ஒரு தம்பியும் ஒரு கிரவுண்டை வேறு எப்படிப் பங்கு போடுவார்கள்? ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வீட்டை இடிப்பதற்கு முன்பே மரம் போய்விடும். பூஜை போடுவதற்கு முந்தைய நாள் ரம்பக்காரர்கள் வருவார்கள். மனையைச் சுத்தம் செய்து தருவது என்ற ஒரு வரிக்குள் முப்பது நாற்பது வருஷத்து வேம்பும் மாவும் தென்னையும் அடங்கிவிடும். வரைபடம் போடுகிறவர் அந்த மரங்களைப் பார்த்திருக்கவே மாட்டார். அவர் கைக்கு வருவது வெறும் செவ்வகம். மரம் காம்பவுண்டு மூலையில் நின்றிருக்கும், கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடத்திலேயே நின்றிருக்கும். வெட்டாமலே கட்டியிருக்கலாம். அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

மூன்றாம் வீட்டு வேம்பு அப்படித்தான் போனது. காலையில் ஆரம்பித்தார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. வெட்டுமரம் எடை போட்டு விலைக்குப் போனது. நான் கேட்டபோது மேஸ்திரி மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “அவங்க மனைங்கம்மா, அவங்க மரம்.” எனக்கு மறுவார்த்தை வரவில்லை. எதிர்வீட்டில் வயதான தம்பதி; அவர்கள் வீட்டு முன்னறைக்கு அன்றுமுதல் மேற்கு வெயில் நேராக இறங்கியது. ஒரு மாதத்தில் ஏ.சி. போட்டார்கள். அதன் வெளிப்பெட்டி தெருவைப் பார்த்து அனலைத் தள்ளுகிறது. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அந்த வேம்பின் கிளைகள் அவர்கள் வாசலுக்கு மேலேதான் இருந்தன.

முனையிலிருந்த தூங்குமூஞ்சியைப் புயல் சாய்த்தது என்று தெருவில் சொல்வார்கள். 2016 டிசம்பர் 12, வர்தா. அன்று சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் விழுந்த மரங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். காலையில் ஆரம்பித்த காற்று, பிற்பகலில் திசை மாறி அடித்தது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் உடையவில்லை, வேரோடு மெதுவாகச் சாய்ந்தது. மறுநாள் போய்ப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. ரோட்டுப் பக்கம் வேரே இல்லை. சில வருஷத்துக்கு முன் மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டியபோது அந்தப் பக்க வேர்களை நேர்கோடாக நறுக்கியிருந்தார்கள். மறுபக்கம் அடிமரத்தை ஒட்டி சிமென்ட். அதற்கும் மேல், மின்கம்பிக்காக வருஷாவருஷம் ஒரு பக்கத்துக் கிளைகளை மட்டும் கழித்துக் கழித்து, பாரம் முழுவதும் மறுபக்கம் சேர்ந்திருந்தது. மரத்துக்கு உணவெடுக்கும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான், இரண்டு மூன்று அடிக்குள், கிளைகள் பரவிய தூரத்தையும் தாண்டிப் பரவியிருக்கும். பாதாளத்துக்குப் போய்விடுகின்றன என்று நாம் நினைத்துக்கொண்டு மேலே இருப்பதை வெட்டுகிறோம். குல்மொகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்றவை அன்று அதிகம் விழுந்தன; அவற்றின் மரம் மென்மை, வேர் ஆழமில்லை என்பதும் உண்மைதான். எங்கள் மரத்துக்கோ அதைவிடப் பெரிய தீங்கு முன்பே நடந்திருந்தது.

வர்தாவுக்குப் பிறகு ஜனங்களுக்கு மரத்தின் மேல் பயம் வந்துவிட்டது. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊரில், கம்பிமேல் விழுந்தது மரம் என்பது மட்டும் நினைவில் நின்றது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் நன்றாக நின்ற புங்கங்களின் தலையை மொட்டையாக வெட்டினார்கள். பாதுகாப்புக்காம். மொட்டை அடித்த இடத்திலிருந்து குச்சி குச்சியாகத் துளிர்ப்பவை அடிமரத்தில் ஆழமாகப் பிடிப்பதில்லை; அடுத்த காற்றில் முதலில் முறிவது அவைதான். உள்கிளைகளை அங்கங்கே கலைத்துக் காற்றுப் புக வழி விட்டாலே போதும். அதைத் தெரிந்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய ‘நிழல்’ அமைப்பு பல வருஷமாக மரங்களை நடந்து பார்த்து, கணக்கெடுத்து, எப்படிக் கிளை கழிப்பது என்று சொல்லித் தருகிறது. கோட்டூர்புரத்தில் குப்பை கொட்டிய இடத்தை அவர்கள் மரப்பூங்காவாக்கியதைப் போய்ப் பார்த்திருக்கிறேன். வெட்டுகிற கையில் அந்த அறிவு போய்ச் சேரவில்லை.

சட்டத்தைப் பற்றி விசாரித்தபோது ஒரு விஷயம் தெரியவந்தது. மலைப்பகுதி மரங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1955இலேயே சட்டம் வந்துவிட்டது. நகரத்து மரங்களுக்கு மகாராஷ்டிரம் 1975இலும், கர்நாடகம் 1976இலும், டெல்லி 1994இலும் தனிச் சட்டம் போட்டன. அங்கெல்லாம் சொந்த மனையில் நிற்கும் மரமானாலும் அதிகாரியின் அனுமதி வேண்டும் என்பது விதி. மீறல்கள் அங்கும் நடக்கின்றன, ஆனால் கேட்பதற்கு ஒரு மேஜையாவது இருக்கிறது. இங்கே அரசு நிலத்து மரங்களுக்கு 2021இல் மாவட்டந்தோறும் பசுமைக் குழு அமைத்தார்கள், நல்ல காரியம். மூன்றாம் வீட்டு வேம்பு மாதிரி தனியார் மனையில் நிற்பதை அது தொடாது. எங்கள் நகராட்சியும் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. சமவெளியில், புறநகரில், ஒரு காம்பவுண்டுக்குள் நிற்கிற மரம் இன்னும் வெறும் விறகுக் கணக்குதான்.

ஒன்று வெட்டினால் பத்துக் கன்று வைப்போம் என்கிறார்கள். வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். ஏரிக்கரையில், பைபாஸ் ஓரத்தில், யாரும் நடக்காத இடத்தில். கூண்டு இருக்கும், முதல் கோடையில் கன்று இருக்காது. பிழைத்தாலும் அது ஒரு இஸ்திரி வண்டியை மூடுகிற அளவுக்கு விரிவதற்குள் அந்த இஸ்திரிக்காரரின் மகன் கிழவனாகிவிடுவான். வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடலாம் என்று சிலர் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். ஆல், அரசு, அத்தி பிழைக்கும். கிளையை ஊன்றினாலே துளிர்க்கிற சாதி. பருத்த வேம்பும் புளியும் அந்த அளவுக்கு ஈடுகொடுப்பதில்லை. பிழைத்தாலும் நிழல் நம் தெருவை விட்டுப் போனது போனதுதான்.

அந்த இஸ்திரிக்காரர் வர்தாவுக்கு அடுத்த கோடையில் வண்டிக்கு மேல் பிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கட்டினார், ஏதோ கல்யாணத்துப் பேனர். அதன் கீழ் கரிப்பெட்டியும் சேர்ந்து கொதித்தது. இரண்டு மூன்று வெயில் பார்த்தார். பிறகு மெயின் ரோட்டில் ஒரு கடையில் கூலிக்குச் சேர்ந்துவிட்டார். பஞ்சர் கடை முன்பே போய்விட்டது. கீரை, இப்போது செயலியில் வருகிறது. தெருவில் யாரையும் சந்திக்க ஓர் இடமில்லை. லிப்டில் பார்த்துத் தலையசைக்கிறோம்.

எங்கள் அடுத்த தெருவில் மட்டும் ஒரு வரிசைப் புங்கம் பிழைத்திருக்கிறது. மாசியில் இலையெல்லாம் கொட்டி, ஒரு வாரத்துக்குள் எண்ணெய் தடவினாற்போல் புதுத் தளிர் வரும். சித்திரையில் அடியில் பொரி கொட்டியதுபோல் பூ. போன வருஷம் அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு பழைய வீடு புரொமோட்டர் கைக்குப் போனது. வீட்டுக்காரரின் மகள், நாங்கள் எல்லாரும் பாப்பா என்று கூப்பிடுகிற ஐம்பது வயதுப் பெண், கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: பின்மூலை வேம்பும் வாசல் புங்கமும் நிற்க வேண்டும். கார் நிறுத்தும் இடம் ஒன்று குறையும் என்றார்கள். குறையட்டும், அது என் பங்கில் குறையட்டும் என்றாள். கட்டடம் எழும்பிவிட்டது. வேம்பு இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேரே நிற்கிறது. அந்தப் பக்கத்து பிளாட்தான் முதலில் விற்றதாம், அதிக விலைக்கு.

அவளும் நானும் இன்னும் சில பேரும் சேர்ந்து எங்கள் வார்டு மரங்களை எண்ணினோம். நெஞ்சு உயரத்தில் தையல் டேப்பைச் சுற்றி அளந்து, பெயர், சுற்றளவு, எந்த வீட்டுக்கு எதிரே என்று நோட்டில் எழுதினோம். பழைய தெருக்காரர்கள் சிலர் இல்லாத மரங்களையும் எழுதச் சொன்னார்கள். “இங்க ஒரு வாதாம் இருந்துச்சு, எழுதிக்கோ” என்று. அதற்குத் தனிப் பக்கம் போட்டோம். அந்த நோட்டின் நகலோடு மாநகராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம். அடிமரத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு மீட்டருக்குச் சிமென்டை உடைத்து மண்ணை விட வேண்டும். கால்வாய் தோண்டுமுன் வேர் போகிற பக்கத்தைப் பார்த்து, அங்கே இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால் தோண்ட வேண்டும். கட்டட அனுமதிக்கு வருகிற வரைபடத்தில் மனையிலுள்ள மரங்களையும் குறித்திருக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள எந்த மரத்தை வெட்டுவதானாலும், யார் மனையில் நின்றாலும், முப்பது நாள் முன்னதாக அந்த மரத்திலேயே அறிவிப்புத் தொங்க வேண்டும், தெருக்காரர்கள் ஆட்சேபம் சொல்ல இடம் வேண்டும். ஆணி அடிக்காமல், கயிற்றில் கட்டி.